முட்டையைக் காத்தால் மட்டும் போதுமா?

சென்னையின் நீலாங்கரை, பெசன்ட் நகர் கடற்கரையில் 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் ஆமைப் பருவத்து இரவுகளில் நடந்து வருகிறார்கள். பங்குனி ஆமை இட்டுச் சென்ற நூற்றுச் சொச்சம் முட்டைகளை எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து, ஏறத்தாழ 50 நாள் கழித்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். இயற்கையின் வேலையில் மனிதர் ஏன் கைவைக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. முட்டையிட்ட சில மணி நேரத்துக்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் உள்ளிருக்கும் கரு செத்துவிடும். மணலின் சூடு 29, 30 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் பெண் குஞ்சுகளே பிறக்கும். பொரிப்பக மணல் அதிகம் சூடேறினால் பாலின விகிதமே குலைந்துவிடும். இருண்ட, ஆளில்லாத கரையில் முட்டைகளைத் தொடாமல் விடுவதே சரி. ஆனால் சென்னைக் கரை அப்படிப்பட்டதல்ல. குஞ்சு வெளிச்சமான பக்கம் நகரும் இயல்புடையது. கடல் பளபளத்த காலத்தில் அந்த இயல்பு அதைக் காத்தது. இப்போது தெருவிளக்கு அதைச் சாலைக்கு இழுக்கிறது. கூட்டைத் தோண்டும் நாய்களுக்குத் தப்பிய முட்டைகளிலிருந்து வரும் குஞ்சுகளும் அந்த வெளிச்சத்துக்குத் தப்புவது அரிது. ஆகவே இங்கே பொரிப்பகம் தவிர்க்க முடியாதது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பெருந்தலை ஆமைகளைப் பற்றி 1987-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, முட்டைப் பாதுகாப்பால் மட்டும் சரிவு நிற்காது, பெரிய ஆமைகளின், குறிப்பாகப் பெரிய இளம் ஆமைகளின், சாவைக் குறைப்பதே முக்கியம் என்று காட்டியது. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் பெரிதாகும் என்பது பொதுவான மதிப்பீடு. அப்படிப் பிழைத்து வந்த தாய் ஒன்று இழுவலையில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்தால், எத்தனை இரவு உழைப்பு அதோடு போகிறது! இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால், அதனால் பொரிப்பகம் வீண் என்ற முடிவை ஏற்க முடியாது. கூடு தேடி நடப்பவர்களே ஒதுங்கிய சடலங்களையும் பதிவு செய்கிறார்கள். ஆண்டுக்கணக்கான அந்தப் பதிவு இல்லாவிட்டால், எந்த ஆண்டின் சாவு வழக்கத்தை மீறியது என்று எதை வைத்துச் சொல்வது? 2025 ஜனவரியில் சென்னையிலும் அண்டைக் கரைகளிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையைக் கட்டுப்படுத்த விதி இல்லாமலில்லை: கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டுச் சட்டம். வலையில் ஆமை வெளியேறும் கருவியைப் பொருத்தினால் மீனும் தப்பும் என்று மீனவர்கள் அஞ்சுவதில் நியாயமுண்டு. அந்த இழப்பை அரசு ஈடுகட்டட்டும். தன்னார்வலரால் படகை நிறுத்த முடியாது, அது அரசின் கடமை. கடற்கரையோரம் குடியிருப்பவர்களே, உங்கள் பங்காக ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்து வையுங்கள்.