ஈட்டி எறிஞ்ச கை, பேஸ்பால் கான்ட்ராக்ட்: வெளிநாட்டு டீம் ஆள் எடுக்கிறது எப்படி?

உங்க கிரிக்கெட் டீம்ல இப்படி ஒருத்தர் நிச்சயம் இருப்பார். பேட்டிங் சுமார், பௌலிங் அதைவிட சுமார். ஆனா, பவுண்டரி லைன்ல இருந்து பந்தை எறிஞ்சா நேரா கீப்பர் கையில போய் உட்காரும். 'இது கையா, கவணா?'ன்னு எல்லாரும் கேட்பாங்க. மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கமோ, அறுவடை முடிஞ்ச வயக்காட்டுலயோ நடக்கிற மேட்ச்ல அந்தக் கைக்குக் கிடைக்கிறது ரெண்டு ரன் அவுட், கொஞ்சம் கைத்தட்டல். அவ்வளவுதான்.

ஆனா, அந்த மாதிரி கைக்காகவே நாடு நாடா ஆள் தேடுற ஒரு விளையாட்டு இருக்கு. அது பேஸ்பால். அந்தத் தேடல் ஒருமுறை இந்தியாவுக்கும் வந்தது.

37,000 பேர்ல ரெண்டு பேர்

2008-ல் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் ஏஜென்ட் ஜே.பி.பெர்ன்ஸ்டீன், 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற டிவி போட்டியை இங்கே நடத்தினார். கிரிக்கெட்டே மூச்சா இருக்கிற நாட்டுல வேகமா எறியுற கை கிடைக்காமலா போகும் என்பது அவர் கணக்கு. 37,000 பேருக்கு மேல் எறிந்து பார்த்தார்கள்.

ஜெயித்தது கிரிக்கெட் பௌலர் இல்லை. உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், ஈட்டி எறிகிறவர். மணிக்கு 87 மைல், அதாவது சுமார் 140 கி.மீ வேகத்தில் எறிந்து ஒரு லட்சம் டாலர் பரிசு வாங்கினார். அடுத்து வந்த தினேஷ் படேலும் ஈட்டிக்காரர்தான். இது தற்செயல் இல்லைங்க. பௌலிங்கில் முழங்கையை மடக்கி எறிஞ்சா நோ-பால். பேஸ்பால் பிட்சிங்கில் முழங்கை மடங்கி, தோளுக்கு மேலே சாட்டை மாதிரி சுழன்று வரணும். ஈட்டி எறிகிறவருக்கு அந்த அசைவு ஏற்கெனவே உடம்பில் இருக்கு.

இருவரும் கலிஃபோர்னியாவுக்குப் போய் பயிற்சியாளர் டாம் ஹவுஸிடம் பயிற்சி எடுத்தார்கள். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2014-ல் டிஸ்னி இதைப் படமாகவும் எடுத்தது, இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். படம் கான்ட்ராக்ட்டோட முடிஞ்சுடும். டீமோட கணக்கு அங்கேதான் ஆரம்பிக்குது.

எதுக்குக் கடல் தாண்டுறாங்க?

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ பசங்களை 'டிராஃப்ட்' முறையில் வரிசைப்படி பிரிச்சுப்பாங்க. மற்ற நாட்டு இளைஞர்களை 16 வயதிலிருந்தே நேரடியாக ஒப்பந்தம் செய்யலாம். அதற்கு ஒவ்வோர் அணிக்கும் ஆண்டுதோறும் ஒரு பட்ஜெட் உச்சவரம்பு உண்டு. அதனால்தான் டொமினிக்கன் குடியரசில் 30 அணிகளும் அகாடமி வைத்திருக்கின்றன. ஐ.பி.எல் மாதிரி 'ஆடும் லெவன்ல நாலு வெளிநாட்டுக்காரர்தான்' என்ற தடையும் அங்கே கிடையாது. நாலு வீரரில் ஒருத்தருக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்.

இளமைக்கு விலை எவ்வளவு குறைவுன்னு ரெண்டு ஜப்பான் பிட்சர்களை வெச்சே புரிஞ்சுக்கலாம். 2023 டிசம்பரில் 25 வயது யோஷினோபு யமமோட்டோவுக்கு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் கொடுத்த ஒப்பந்தம் 12 ஆண்டுகள், 32.5 கோடி டாலர். 2025 ஜனவரியில் அதே அணி 23 வயது ரோகி சசாகியை எடுத்தது. அவருக்கான ஒப்பந்த போனஸ் 65 லட்சம் டாலர். திறமையில் அவ்வளவு வித்தியாசமா? இல்லை. 25 வயது நிறையாத வெளிநாட்டு வீரர் 'அமெச்சூர்' கணக்கில் வருவார், அந்தப் பட்ஜெட்டுக்குள்தான் கொடுக்க முடியும். அது விதி.

இளைஞர்களை எடுப்பது டீமுக்கு மலிவு. அதனால் நிறைய பேரை எடுப்பாங்க, சிலர் தேறினா போதும்.

26 சீட்டுக்கு நூறு பேர்

மேட்ச் ஆடும் மெயின் லிஸ்ட்டில் 26 பேர். அவர்களையும் சேர்த்து, அணியின் விரிவான லிஸ்ட்டில் 40 பேர். அதற்குக் கீழே ரூக்கி லீக், சிங்கிள் ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ எனப் படிப்படியாக மைனர் லீக். அங்கே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காத்திருப்பார்கள்.

காத்திருப்புக்கும் கெடு உண்டு. 18 வயதுக்குள் எடுத்த வீரரை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்குள் 40 பேர் லிஸ்ட்டில் சேர்க்கணும். இல்லேன்னா, 'ரூல் 5 டிராஃப்ட்'டில் வேறு அணி அவரைத் தூக்கிட்டுப் போகலாம். ஒருத்தரை உள்ளே சேர்க்கணும்னா இன்னொருத்தருக்கு இடம் போகும். ஒவ்வொரு வருஷமும் இந்தக் கூட்டல் கழித்தல் நடந்துட்டே இருக்கும்.

தினேஷ் 2010 முடிவில் விடுவிக்கப்பட்டு இந்தியா திரும்பினார். ரிங்கு, 2009-ல் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஒரு மேட்ச்சை ஜெயித்த முதல் இந்தியரானார். சிங்கிள் ஏ வரை ஏறினார். பிறகு முழங்கைக் காயம், ஆபரேஷன். மேஜர் லீக் கதவு திறக்கவே இல்லை. 2018-ல் அவர் டபிள்யூ.டபிள்யூ.இ மல்யுத்தத்துக்குப் போனார். 'வீர் மஹான்'னு ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்களே, அவரேதான்!

மதுரை டீம்லயும் இதே கதை

டி.என்.பி.எல்-லில் வெளிநாட்டு வீரர்களுக்கு இடமில்லை. அதனால் உள்ளூர்ப் பசங்களுக்கு ஆட வாய்ப்பு. ஸ்கவுட்களுக்கும் அது நல்ல சந்தை. 2018-ல் மதுரை பாந்தர்ஸ் கோப்பை ஜெயித்தபோது அந்த அணியில் இருந்தவர், ஆர்க்கிடெக்ட் வேலையை விட்டுட்டு வந்த வருண் சக்கரவர்த்தி. அந்த டிசம்பர் ஐ.பி.எல் ஏலத்தில் அடிப்படை விலை 20 லட்சம், விலைபோனது 8.4 கோடி ரூபாய். அவர் சுழல் மாதிரி வேறு யாரிடமும் இல்லை என்பதுதான் அந்த விலைக்குக் காரணம்.

ஆனா, 2019-ல் பஞ்சாப் அணிக்கு அவர் ஆடியது ஒரே ஒரு மேட்ச். காயம், விடுவிப்பு. அடுத்த ஏலத்தில் கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்துத் தொடர்ந்து ஆடவைத்தது. 2025 சாம்பியன்ஸ் டிராபியில் மூணு மேட்ச்சில் 9 விக்கெட். பஞ்சாப் விட்ட அதே கைதான். கொல்கத்தாவில் அதற்கு இடமும் நேரமும் கிடைச்சது.

உங்க கை எவ்வளவு வேகம்?

ரேடார் கன் வேண்டாம், போன் போதும். பேஸ்பாலில் பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையே 18.44 மீட்டர். அந்தத் தூரத்தை அளந்து, ஆள் இல்லாத சுவரைப் பார்த்து எறியுங்க. 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் நண்பர் வீடியோ எடுக்கட்டும். கையை விட்டதிலிருந்து சுவரில் படும்வரை சுமார் 114 ஃப்ரேம் வந்தா, சராசரி வேகம் 140 கி.மீ. கிரிக்கெட் பந்து பேஸ்பாலைவிடக் கொஞ்சம் கனம், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க. வார்ம்அப் பண்ணாம எறிஞ்சா மட்டும் தோள் போயிடும், பாஸ்!

ஆஃபர் வந்தா என்ன கேட்கணும்?

எந்த விளையாட்டா இருந்தாலும் 'வெளிநாட்டு டீம்ல ட்ரையல்'னு யாராவது சொன்னா, மூணு விஷயம் கேளுங்க. ஒப்பந்தம் எத்தனை வருஷம்? காயம் ஆனா ஆஸ்பத்திரிச் செலவு யாரோடது? விடுவிச்சா ஊர் திரும்புற டிக்கெட்டும், விட்ட படிப்பும் என்ன ஆகும்?

பதில் எழுத்துல இருக்கணும். வீட்டுல பெரியவங்களும், முடிஞ்சா ஒரு வக்கீலும் அதைப் படிக்கணும். முக்கியமா, டீம்தான் வீரருக்குப் பணம் கொடுக்கும். 'செலக்‌ஷன் உறுதி, முதல்ல ஒரு லட்சம் கட்டுங்க'ன்னு சொல்ற ஆள், உங்க கையைப் பார்க்கலை, பையைத்தான் பார்க்கிறார்.