ஹீட்டிங்கை எப்போது போடுவது? எக்செல்லைக் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் இதழில் வீட்டு ஹீட்டிங்கிற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் ஊரில் மின்விசிறியை எப்போது அணைப்பது என்பதே மார்கழிக் கேள்வி. நான் வசிக்கும் லண்டனில் செப்டம்பர் முடியும்போதே வீட்டுக்கு வீடு ஒரு விவாதம் தொடங்கிவிடும். ஹீட்டிங்கை இன்று போடலாமா, இன்னும் இரண்டு வாரம் தள்ளலாமா? கணவன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி. இந்த விவாதத்தை முடித்து வைக்க ஒரு கம்ப்யூட்டரும் மூன்று சிறிய சென்ஸார்களும் போதும். குளிர் நாடுகளில் குடியிருக்கும் வாசகர்களுக்கும், பிள்ளைகளோடு சில மாதம் தங்க அங்கே செல்லும் பெற்றோருக்கும் இது பயன்படும். நான் இதை ஒரு தவறு செய்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

நவம்பர் 1 என்ற சபதம்

2022 அக்டோபரில் இங்கே கேஸ், மின்சாரக் கட்டணம் எகிறியது. சராசரிக் குடும்பம் ஒன்றின் ஆண்டுச் செலவு 2021 அக்டோபரில் 1,277 பவுண்டு என்று கணக்கிடப்பட்டது. மறு ஆண்டு அதுவே அரசு தலையிட்டுக் குறைத்த பிறகும் 2,500 பவுண்டு. அந்த ஆண்டு எங்கள் நண்பர்கள் வட்டத்தில் "நாங்கள் இன்னும் ஹீட்டிங் போடவில்லை" என்று சொல்வது ஒரு பெருமையாகிப் போனது. நவம்பர் 1 வரை பாய்லரைத் தொடுவதில்லை என்று நாங்களும் முடிவு செய்தோம். அந்த இலையுதிர் காலம் குளிர் குறைவாக இருந்ததால் சமாளித்துவிட்டோம். 2023-லும் அதே சபதம். கட்டணம் 1,834 பவுண்டுக்கு இறங்கியிருந்தும் சபதம் இறங்கவில்லை.

ஒரு வித்தியாசம், அந்த ஆண்டு அம்மா கும்பகோணத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தார். வயது 74.

அக்டோபர் இரண்டாம் வாரம் வரை லண்டனில் வெயில் 25 டிகிரியைத் தொட்டது. 14-ஆம் தேதி சனிக்கிழமை காற்று திரும்பியது. இரவில் நல்ல குளிர். செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு இருமல் தொடங்கியது. சபதத்தைக் கைவிட்டு அன்று மாலையே ஹீட்டிங்கைப் போட்டேன். தெர்மோஸ்டாட்டில் 20 டிகிரி வைத்தேன். பிரச்னை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. வேலையிலிருந்து திரும்பி அம்மாவின் கையைப் பிடித்தால் ஐஸ் போல இருந்தது. ஹாலில் உள்ள தெர்மோஸ்டாட்டோ 20 என்று காட்டியது. யாரை நம்புவது?

மூன்று சென்ஸார்கள்

வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பதத்தையும் அளக்கும் புளூடூத் சென்ஸார்கள் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிதாகக் கிடைக்கின்றன. ஒன்றின் விலை பத்துப் பவுண்டு அளவில்தான். வட்டமான பட்டன் செல்லில் பல மாதங்கள் இயங்கும். அளவுகளைத் தன்னுள்ளேயே சேமித்து வைத்துக்கொள்ளும். மொபைல் போனில் அதற்கான ஆப்பைத் திறந்து, எக்ஸ்போர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சி.எஸ்.வி. பைலாகக் கிடைக்கும். அதை ஈமெயிலில் நமக்கே அனுப்பி, கம்ப்யூட்டரில் எக்செல்லிலோ இலவச லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ திறக்கலாம். வாங்கும்போது எக்ஸ்போர்ட் வசதி உண்டா என்பதை முதலில் பாருங்கள். சில மலிவு மாடல்கள் திரையில் காட்டுவதோடு சரி.

வாங்கியவுடன் சுவரில் மாட்டிவிடாதீர்கள். மூன்றையும் ஒரே மேசையில் ஓர் இரவு முழுக்க வையுங்கள். என்னுடையவற்றில் ஒன்று மற்ற இரண்டையும் விட 0.6 டிகிரி அதிகம் காட்டியது. அந்தக் காலத்தில் 0.6-ஐக் கழித்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஈரப்பதத்தைச் சோதிக்க ஒரு சமையலறை வழி உண்டு. ஒரு மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, கரையாமல் குழையும் அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். அதையும் சென்ஸாரையும் ஒரு டப்பாவில் வைத்து இறுக மூடி, மறுநாள் பாருங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். உப்புத் தண்ணீர் சென்ஸாரில் படக் கூடாது.

பிறகு ஒன்றை ஹாலில் தெர்மோஸ்டாட் அருகிலும், ஒன்றை எங்கள் படுக்கை அறையிலும், ஒன்றைப் பின்னறையில் அம்மா உட்காரும் நாற்காலியின் கை உயரத்திலும் வைத்தேன். வெயில் படும் ஜன்னல், டி.வி., மோடம், ரேடியேட்டர் இவற்றின் அருகில் வைத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

கிராப் சொன்ன கதை

ஒரு வாரத்து டேட்டாவை எக்செல்லில் போட்டு, லைன் சார்ட்டைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினேன். ஹாலின் கோடு 19-க்கும் 20-க்கும் இடையில். பின்னறையின் கோடு காலையில் 17, மதியம் மூன்று மணிக்கு 15.4.

காரணம் ஒன்று உடனே புரிந்தது. எங்களுடையது 1930-களில் கட்டிய செங்கல் வீடு. பின்னறை பிற்பாடு சேர்த்துக் கட்டியது. மூன்று பக்கம் வெளிச்சுவர், மேலே தட்டைக் கூரை. தெர்மோஸ்டாட்டோ வீட்டின் நடுவில், சமையலறை வாசலுக்கு எதிரில் இருக்கிறது. குக்கர் வைத்தாலே அதற்கு வெயில் காலம். "20 ஆகிவிட்டது" என்று அது பாய்லரை நிறுத்திவிடும். தெர்மோஸ்டாட் தான் இருக்கும் இடத்தைத்தான் அளக்கிறது, நீங்கள் இருக்கும் இடத்தை அல்ல.

ஆனால் அது மட்டும் காரணமாக இருந்தால் சனி, ஞாயிறிலும் அதே பள்ளம் இருக்க வேண்டும். இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும், காலை ஒன்பதரைக்குச் சொல்லி வைத்தாற்போல மூன்று கோடுகளும் சேர்ந்து இறங்கின. சந்தேகத்தோடு ஸ்மார்ட் மீட்டரின் கேஸ் டேட்டாவை டவுண்லோட் செய்தேன். அரை மணிக்கு ஒரு அளவு, நாளொன்றுக்கு 48. ஒன்பதரையிலிருந்து நான்கு மணி வரை வரிசையாகப் பூஜ்யம்.

அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன். மறைக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் கிளம்பினதும் அணைச்சிடுவேன். வீட்டுல யாரும் இல்லாதப்ப எதுக்குடா கேஸ் எரியணும்?"

"நீ இருக்கியேம்மா."

"நான் ஒருத்திதானே" என்றார்.

கட்டணம் பற்றி நானும் என் மனைவியும் 2022-லிருந்து பேசியதை எல்லாம், போனிலும் நேரிலும், அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

தேதியா, டிகிரியா?

தேதியை வைத்து ஹீட்டிங் போடுவது புதிதல்ல. பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை என்று நகருக்கே ஒரு காலம் உண்டு. இத்தாலியில் 1993-ஆம் ஆண்டு ஆணையின்படி ஊர்கள் ஆறு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டன. மிலான் நகருக்கு அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை.

எனக்குப் பிடித்தது ரஷ்யாவின் முறை. அங்கே தேதி கிடையாது. வெளியே ஒரு நாளின் சராசரி வெப்பநிலை தொடர்ந்து ஐந்து நாட்கள் 8 டிகிரிக்குக் கீழே இருந்தால் நகரின் பொது ஹீட்டிங்கைத் திறந்துவிட வேண்டும். புரோகிராம் எழுதியவர்களுக்கு இது பழகிய ஈஃப் கண்டிஷன்தான். ஏன் ஐந்து நாள்? செங்கல்லும் கான்கிரீட்டும் வெப்பத்தைச் சேமித்து வைத்திருக்கும். ஒரு நாள் குளிரில் வீடு குளிர்ந்துவிடாது. என் கிராப்பிலும் இதைப் பார்க்கலாம். படுக்கை அறை மெதுவாக, நாளுக்கு அரை டிகிரியாக இறங்குகிறது. மெல்லிய கூரை கொண்ட பின்னறைக்கு அந்தச் சேமிப்பு இல்லை, இரண்டே நாளில் விழுந்துவிடுகிறது.

எனவே வெளியே உள்ள எண் மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், குளிர் காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வேண்டும் என்கிறது. முதியோர், குழந்தைகள், நோயாளிகள் இருந்தால் அதற்கும் மேல். வயதாக ஆகக் குளிரை உணர்வதே குறையும் என்பதால், "குளிருதா?" என்று கேட்டு "இல்லை" என்ற பதிலை நம்புவது சரியல்ல. என் விதி இப்போது இதுதான்: ஆள் இருக்கும் அறைகளில் மிகக் குளிர்ந்த அறை, ஆள் இருக்கும் நேரத்தில் 18-க்குக் கீழே போனால் அன்றே ஹீட்டிங். அது செப்டம்பராக இருந்தாலும் சரி. யாருமே இல்லாத நேரத்தில் அணைத்து வைப்பதில் தவறில்லை. நாள் முழுக்கக் குறைவாக எரியவிட்டால் மிச்சம் என்பது பரவலான நம்பிக்கை. உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் இருக்கும் வரை வெப்பம் வெளியேறிக்கொண்டேதான் இருக்கும் என்பதால் அது பொதுவாக உண்மையல்ல.

செலவைக் கணக்கிடுவது எப்படி?

இங்கேதான் எக்செல் உண்மையில் உதவுகிறது. கட்டணப் பில்லைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு வாரம் குளிர், மறு வாரம் வெயில், இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? அதற்கு டிகிரி நாள் என்ற அளவு உண்டு. பிரிட்டனில் 15.5 டிகிரியை அடிப்படையாக வைக்கிறார்கள். வெளியே சராசரி அதற்கு மேல் இருந்தால், நம் உடல் சூடு, சமையல், மின்சாதனங்கள் இவற்றாலேயே வீடு ஓரளவு வெதுவெதுப்பாகிவிடும் என்பது கணக்கு. அன்றைய சராசரி 11 டிகிரி என்றால் 15.5-லிருந்து 11-ஐக் கழிக்க 4.5 டிகிரி நாள். விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று கொள்ள மாக்ஸ் பங்க்ஷனைப் பயன்படுத்துங்கள்.

அடுத்த காலத்தில் கேஸ் யூனிட்டுகள். சில மீட்டர்கள் கன மீட்டரில் தரும். அப்படியானால் சுமார் 11-ஆல் பெருக்கினால் யூனிட், அதாவது கிலோவாட் மணி, கிடைக்கும். நான் முதலில் இதைக் கவனிக்காமல், எங்கள் வீடு உலகிலேயே சிக்கனமான வீடு என்று ஒரு மாலை முழுக்க மகிழ்ந்திருந்தேன். இன்னொரு பொறி, அக்டோபர் கடைசி ஞாயிறு. அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பதால் அந்த நாளுக்கு 25 மணி நேரம், 50 அளவுகள். 48 செல்களுக்கு ஒரு நாள் என்று பார்மூலா எழுதியிருந்தால் அதன் பிறகு எல்லாமே ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். தேதியை வைத்துக் கூட்டும் சம் ஈஃப் பார்மூலாதான் பாதுகாப்பு.

செப்டம்பரில் குளியலுக்கும் சமையலுக்கும் மட்டும் எங்கள் வீட்டில் நாளுக்கு 8 யூனிட். அக்டோபர் கடைசி வாரத்தில், பகலிலும் ஹீட்டிங் போட்ட பிறகு, 26. வித்தியாசம் 18. அந்த வாரச் சராசரி 4.5 டிகிரி நாள் என்பதால், எங்கள் வீட்டுக்கு ஒரு டிகிரி நாளுக்கு 4 யூனிட். வெளியே சராசரி 5 டிகிரி இருக்கும் ஜனவரி நாளில் 42 யூனிட் ஆகும் என்று இப்போதே சொல்லிவிடலாம். உங்கள் வீட்டுக்கு இந்த 4 என்பது 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம்.

அப்போது ஒரு யூனிட் ஏறக்குறைய 7 பென்ஸ். 18 யூனிட்டுக்கு ஒன்றேகால் பவுண்டு. இந்தக் கணக்கை அம்மாவிடம் திரையிலேயே காட்டினேன். உடனே ரூபாயில் மாற்றச் சொன்னார்.

"ஒரு நாளைக்கு நூத்தி இருபத்தஞ்சா!" என்று திகைத்தார். சற்று நேரம் கழித்து, "அங்க ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு மருந்து வாங்கினா இதைவிட ஜாஸ்தி ஆயிடும்" என்றார். மறுநாள் கேஸ் வரிசையில் பூஜ்யம் இல்லை.

என்ன மாற்றினேன்?

புதிய பாய்லர் எதுவும் வாங்கவில்லை. தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் வயர்லெஸ் மாடல் ஒன்றைப் பொருத்தச் சொல்லி, அதைப் பின்னறையில் வைத்தேன். அந்த அறை ரேடியேட்டரின் வால்வை முழுவதும் திறந்து வைக்க வேண்டும். மற்ற அறைகளில் வால்வைக் குறைத்தேன். இல்லாவிட்டால் பின்னறை 20 ஆவதற்குள் படுக்கை அறை அடுப்பாகிவிடும்.

ஈரப்பதக் காலத்தையும் கவனியுங்கள். அறையில் 20 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோக்கும். ஜன்னல் கண்ணாடி, அலமாரிக்குப் பின்னால் உள்ள சுவர் மூலை எல்லாம் அந்தக் குளிருக்குப் போகக்கூடியவை. கரும்பூஞ்சை வருவது இப்படித்தான். ஹீட்டிங்கைத் தள்ளிப் போட்டுக்கொண்டே துணியை வீட்டுக்குள் உலர்த்துபவர்கள் இந்த எண்ணைத் தினமும் பார்ப்பது நல்லது. எங்கள் பின்னறையில் அது 72 வரை போயிருந்தது. ஹீட்டிங்கும், சமைக்கும்போது எக்ஸாஸ்ட் பேனும் சேர்ந்து 55-க்குக் கொண்டு வந்தன.

பைலை ஆண்டுக்கு ஒரு ஷீட்டாகச் சேமித்து வைத்திருக்கிறேன். சென்ஸார் நினைவகம் நிறைந்தால் பழைய அளவுகளை அழித்துவிடும் என்பதால், மாதம் ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். அக்டோபர் பிறந்ததும் போனில் கேட்கும் முதல் கேள்வி, "பின்ரூம்ல எத்தனை டிகிரிடா?"