நிலத்தில் தொடங்கிய ஆஸ்பத்திரி

1988 டிசம்பர் 5 அன்று கூடலூர் கடைத்தெரு அதுவரை காணாத கூட்டத்தைக் கண்டது. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என ஐந்து சமூகங்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேர் நிலம் கேட்டு ஊர்வலம் போனார்கள். கூலி வாங்கவும் உப்பு, துணி வாங்கவும் மட்டுமே டவுனுக்கு வந்து, வேலை முடிந்ததும் ஓரமாக நடந்து திரும்பிவிடும் சனங்கள் அவர்கள். அன்று நடுரோட்டில் நடந்தார்கள்.

அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அதே சனங்களுக்கென்று கூடலூரில் ஓர் ஆஸ்பத்திரி வந்தது. பின்னாலேயே ஒரு காப்பீட்டுத் திட்டம், ஒரு பள்ளிக்கூடம், கடைசியில் ஒரு தேயிலைத் தோட்டம். ஊர்வலத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கூடலூரின் கதை முழுக்க அந்தச் சம்பந்தத்தில்தான் இருக்கிறது.

ஊட்டியிலிருந்து நடுவட்டம் இறக்கத்தில் இறங்கினால் கூடலூர். ஒரு பக்கம் வயநாடு, ஒரு பக்கம் நிலம்பூர், முதுமலையைத் தாண்டினால் கர்நாடகம். கடைக்காரர் ஒரே மூச்சில் தமிழும் மலையாளமும் பேசுவார், தேவைப்பட்டால் கன்னடமும் வரும். அரசு ‘பெரிதும் நலிவுற்ற பழங்குடிகள்’ என்று தனியே வகைப்படுத்தியிருக்கும் தமிழகச் சமூகங்கள் ஆறும் நீலகிரியில் வாழ்பவை. கூடலூரின் ஐந்து சமூகங்களும் அந்த வகைப்பாட்டுக்குள் வருகின்றன. ஆஸ்கர் வாங்கிய ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ படத்தில் பார்த்தோமே, பொம்மனும் பெள்ளியும், அவர்கள் காட்டுநாயக்கர்கள். படத்தைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சமூகத்தின் பெயர் நினைவிருக்கும் என்பது வேறு விஷயம்.

இந்த மண்ணின் பெரும்பகுதி ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரை உடைமை. கோவிலகத்திடம் குத்தகைக்கு எடுத்தவர்கள் காப்பியும் தேயிலையும் போட்டார்கள். கேரளத்திலிருந்து விவசாயிகள் குடியேறினார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களுக்கு வேலை தருவதற்காக அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. வந்தவர்களில் பலரும் ஏழைகளே, அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொருவர் வந்தபோதும் ஏற்கெனவே அங்கிருந்த ஆதிவாசி ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அவர் கையில் காகிதம் இல்லை. காடு யாருடையது என்பதற்குக் காகிதம் வேண்டும் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. பணியர்களின் நிலை இன்னும் மோசம். வயநாட்டின் வள்ளியூர்க்காவு திருவிழாவில் முன்பணம் கொடுத்து ஓர் ஆண்டுக்கு அவர்களை வேலைக்குப் பிடிக்கும் வழக்கம் தலைமுறைகளாக இருந்தது. ‘பணி’ செய்பவர் பணியர் என்று பெயர்க்காரணம் சொல்கிறார்கள். ஒரு சமூகத்தின் பெயரே அதன் வேலைக் குறிப்பாக இருப்பதை என்னவென்று சொல்வது!

1969இல் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலம் யாருக்கு என்ற வழக்கு அன்றிலிருந்து நடக்கிறது. இந்தியாவின் காட்டுச் சட்டத்தையே மாற்றிப்போட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு இந்தக் கோவிலகக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கூடலூர்க் காடுகள் அழிவதைக் காட்டி 1995இல் உச்ச நீதிமன்றத்தில் போட்டது. டெல்லியில் தீர்மானமாகும் சட்டத்துக்குக்கூட மூலம் இங்கேதான்.

ஸ்டான் தேக்கேகராவும் மாரி மார்சல் தேக்கேகராவும் 1980களின் நடுவில் இங்கு வந்து ‘அக்கார்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பொதுவாகத் தொண்டு நிறுவனம் ஒன்று மலைக்கு வந்தால் முதலில் மருத்துவ முகாம் நடக்கும். பேனர் கட்டுவார்கள், மாத்திரை கொடுப்பார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். இவர்கள் அப்படித் தொடங்கவில்லை. ஊர் ஊராக உட்கார்ந்து பேசியதில் எல்லா இடத்திலும் முதலில் வந்த பேச்சு நிலம். ஊருக்கொரு சங்கம் கூடியது. ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ஆதிவாசி முன்னேற்ற சங்கம் ஆயின. 1988இன் ஊர்வலம் அந்தச் சங்கம் நடத்தியது.

ஊர்வலம் போனதோடு நிலம் கிடைத்துவிடவில்லை. சங்கம் ஒரு யோசனை செய்தது. ராகி விதைத்தால் அறுவடை முடிந்ததும் நிலம் வெறுமையாகிவிடும். அடுத்தவன் வந்து வேலி போட்டுவிடுவான். தேயிலையும் காப்பியும் மிளகும் நட்டால்? அவை வருஷக்கணக்கில் நிற்கும் பயிர்கள், பிடுங்கி எறிவது எளிதல்ல. இந்த நிலத்தில் இத்தனை காலமாக நான் இருக்கிறேன் என்று செடியே சாட்சி சொல்லும். அப்படித்தான் நாற்று வளர்த்துக் கொடுக்கும் வேலை தொடங்கியது. பிற்காலத்தில் ‘வாழ்வாதாரத் திட்டம்’ என்று அறிக்கைகளில் எழுதப்பட்ட வேலை, உண்மையில் எல்லைக்கல் நடும் வேலையாகப் பிறந்தது.

சங்கக் கூட்டங்களில் இன்னொரு பேச்சும் திரும்பத் திரும்ப வந்தது. போன கூட்டத்துக்கு வந்திருந்த பெண் இந்தக் கூட்டத்துக்கு இல்லை, பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தை வயிற்றுப்போக்கில் போய்விட்டது. நிலத்தை மீட்டுவிட்டு அதில் யார் இருக்கப்போகிறார்கள் என்ற கேள்வி எழாமல் இருக்க முடியுமா? 1987இல் தேவதாசன், ரூபா என்ற டாக்டர் தம்பதி வந்து சேர்ந்தார்கள். அவர்கள் ஆஸ்பத்திரி கட்டவில்லை. ஊரிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கர்ப்பிணியைக் கண்டறிவது, குழந்தையை எடை போடுவது, உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்குவது, தடுப்பூசிக்கு ஆள் சேர்ப்பது ஆகியவைதான் பயிற்சி. பள்ளிப் படிப்பு அதிகமில்லாதவர்களும் இதைக் கற்றார்கள்.

ஊசியைப் பார்த்தால் காட்டுக்குள் ஓடும் காலம் அது. வெளியிலிருந்து வெள்ளைச் சட்டை போட்டவர் வந்து ஊசி நல்லது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். சொந்த ஊர்க்காரி, சொந்தப் பாஷையில், தன் குழந்தைக்கு முதலில் போட்டுக் காட்டிவிட்டுச் சொன்னால் அது வேறு. சுகாதாரத் துறை எத்தனையோ விளம்பரம் செய்து சாதிக்க நினைப்பதை இப்படிப்பட்ட ஒரு பெண்ணால் சாதிக்க முடியும்.

ஆனால் ஊர்ப் பணியாளர் ‘இது சிக்கலான பிரசவம், ஆஸ்பத்திரி போ’ என்று சொன்னால் எங்கே போவது? ஆஸ்பத்திரியில் காக்க வைப்பார்கள், அதட்டுவார்கள், பேசுவது புரியாது என்ற பயம் ஊரில் இருந்தது. ஆகவே 1990இல் கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டது. அதை நடத்துவது ‘அஸ்வினி’ என்ற அமைப்பு. அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய அறுவை சிகிச்சை நிபுணர் நந்தகுமார் மேனனும் மகப்பேறு மருத்துவர் ஷைலாவும் பொறுப்பேற்றார்கள். நர்ஸுகளை வெளியூரிலிருந்து கூட்டி வராமல் ஆதிவாசிப் பெண்களையே பயிற்றுவித்தார்கள். வார்டுக்குள் நுழையும் பணியக் கிழவிக்கு அவள் பாஷையில் ‘எங்கே வலிக்குது’ என்று கேட்க ஓர் ஆள் இருந்தாள். மருத்துவத் தரத்தை அளக்கும் எந்தப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

அடுத்தது பணம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இலவசம் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. தானம் கொடுப்பவர் இருக்கும்வரை ஆஸ்பத்திரி இருக்கும், கேள்வி கேட்கும் உரிமையும் யாருக்கும் இருக்காது. கட்டணம் வாங்கினால் கூலிக்காரர் வர மாட்டார். நடுவில் ஒரு வழியாக 1992இல் காப்பீடு வந்தது. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்திடம் சங்க உறுப்பினர்கள் மொத்தமாக ஒரே பாலிசி எடுத்தார்கள். கையில் காசு இருக்கும் காலத்தில் ஆளுக்கு ஒரு சிறு தொகையைச் சங்கம் வசூலிக்கும், மீதியை அமைப்பு போடும். நோய் வந்தால் உறுப்பினர் ஆஸ்பத்திரியில் காசு கட்ட வேண்டாம், கம்பெனியிடம் பில் போட்டு வாங்குவது ஆஸ்பத்திரியின் பாடு. தமிழ்நாடு அரசு கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது 2009இல். அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே கூடலூரின் பணியர்களும் குறும்பர்களும் பாலிசிதாரர்கள்.

காப்பீடு உண்மையில் பயன்பட்டதா என்பதைப் பிற்காலத்தில் தேவதாசன் குழுவினர் ஆய்வு செய்தார்கள். காப்பீடு இருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த விகிதம், இல்லாதவர்களைவிட 2.2 மடங்கு. ஆஸ்பத்திரிக்கு வருவோர் கூடினால் நோய் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. முன்பு வீட்டிலேயே கிடந்தவர்கள் இப்போது படுக்கைக்கு வருகிறார்கள்.

பிரீமியம் வசூல் சும்மா நடக்காது. ‘போன வருஷம் கட்டினேன், நோயே வரவில்லை, காசு வீண்’ என்பார் ஒருவர். ‘உனக்கு வராத நோய் பக்கத்து ஊர்க்காரனுக்கு வந்தது, உன் காசு அவனைக் காப்பாற்றியது’ என்று எடுத்துச் சொல்ல வேண்டும். வேட்டையில் கிடைத்ததையும் தேனையும் பங்கு போட்டுப் பழகிய சமூகத்துக்கு இந்தக் கணக்கு நம்மைவிடச் சீக்கிரம் புரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

அஸ்வினியின் வேலைகளில் ஆழமானது ரத்தம் பற்றியது. 1952இல் லேமன், கட்பஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரியின் பழங்குடிகளிடம் அரிவாள் செல் குறையைக் கண்டார்கள். இந்தியாவில் அந்நோய்க்கூறு முதன்முதலாகப் பதிவானது அப்போதுதான். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும். வளைந்த அணுக்கள் சிறு ரத்தக்குழாய்களில் சிக்கி அடைக்கும். குளிர், காய்ச்சல், தண்ணீர் போதாமை என ஏதாவது ஒன்று போதும், எலும்புக்குள் கத்தி இறங்குவதுபோல வலி வரும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் சுமப்பவர், பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. மலேரியாவிலிருந்து அவருக்கு ஓரளவு பாதுகாப்பும் உண்டு. மலேரியாக் காடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்த சமூகங்களில் இந்த மரபணு தங்கிவிட்டதற்குக் காரணம் அதுவே. சுமப்பவர்கள் இருவர் மணந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு.

1952இல் ஆய்விதழில் அச்சானது. ஆனால் எந்தச் சமூகத்தின் ரத்தத்தில் அது கண்டறியப்பட்டதோ அந்தச் சமூகத்தின் பிள்ளைகள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ‘வாதம்’ என்றும் ‘சோம்பேறி’ என்றும் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அஸ்வினி பரிசோதனையைக் கையிலெடுத்து, நோயாளிகளைப் பட்டியலிட்டு, தொடர்ந்து பார்க்கத் தொடங்கியது. தினம் ஃபோலிக் அமில மாத்திரை, நிறையத் தண்ணீர், காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி, தேவைப்பட்டவர்களுக்கு ஹைட்ராக்ஸியூரியா. இதில் பெரிய இயந்திரம் எதுவுமில்லை, விடாமல் பின்தொடரும் ஆள் வேண்டும். அந்த ஆள் 1987இலிருந்தே ஊரில் இருந்தார். ஒன்றிய அரசு அரிவாள் செல் சோகை ஒழிப்புக்கான தேசிய இயக்கத்தைத் தொடங்கியது 2023 ஜூலை 1 அன்று.

பள்ளிக்கூடம் தற்செயலாக வந்தது. ராமதாஸ், ரமா தம்பதி தங்கள் பிள்ளைகளுக்காகவும் நண்பர்களின் பிள்ளைகளுக்காகவும் நடத்திவந்த சிறு பள்ளி வித்யோதயா. எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் இப்படி ஒன்று இல்லை என்று சங்கத்தார் கேட்டார்கள். 1990களின் நடுவில் அது ஆதிவாசிப் பிள்ளைகளுக்கான பள்ளியானது, ஆதிவாசி இளைஞர்களே ஆசிரியர்களாகப் பயிற்சி பெற்றார்கள். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இங்கு இருக்கின்றன. இருந்தும் பிள்ளை பாதியில் நின்றுவிடுகிறது. பாஷை புரியாமல் பின்பெஞ்சில் உட்காரும் பிள்ளை, கேலிக்குப் பயந்த பிள்ளை, வழியில் யானை நிற்கிறது என்று திரும்பிவந்த பிள்ளை என்று காரணங்கள் பல. கடைசிக் காரணத்தைச் சாக்கு என்று நினைப்பவர்கள் கூடலூரை அடுத்த பந்தலூர்ப் பக்கம் ஒரு விடியற்காலை நடந்து பார்க்கலாம்.

தேயிலைக்கு வருவோம். 1990களின் இறுதியில் ஆதிவாசிகள் ‘மதுவனா’ என்ற தேயிலைத் தோட்டத்தையே வாங்கினார்கள். 170 ஏக்கருக்குச் சற்று அதிகம். எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள் எஸ்டேட் முதலாளி ஆனார்கள் என்று செய்தி எழுதலாம், எழுதினார்கள். ஆனால் நேரம் பார்த்தாற்போலத் தேயிலை விலை சரிந்தது. நீலகிரியின் சிறு விவசாயிகள் எல்லோரும் பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் தவித்த காலம். சொந்தமாகத் தோட்டம் இருந்தாலும் விலையைத் தீர்மானிப்பது குன்னூர் ஏலமும் அதற்கப்பாலுள்ள சந்தையும்தான் என்பது அப்போது உறைத்தது. தேயிலை வளர்ப்பவரையும் குடிப்பவரையும் நேராகச் சேர்க்கும் ‘ஜஸ்ட் சேஞ்ச்’ என்ற முயற்சி அதிலிருந்து பிறந்தது. கேரளத்தின் பெண்கள் குழுக்களுக்கும் பிரிட்டனின் ஏழைக் குடியிருப்புகளுக்கும் கூடலூர்த் தேயிலை போனது. அழகான யோசனை. சந்தையை அது மாற்றிவிடவில்லை.

எல்லாவற்றையும் ஆதிவாசிகளே செய்தார்கள் என்று எழுதினால் அது பொய். தொடங்கியவர்கள் வெளியார், டாக்டர்கள் வெளியார், நிதியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது. ‘மக்கள் தலைமை’ என்ற சொல்லை இன்று எல்லாத் திட்ட அறிக்கைகளிலும் அச்சடிக்கிறார்கள். அதை உரசிப் பார்க்க நான் ஒரு கேள்வியைத்தான் கேட்பேன்: ‘வேண்டாம்’ என்று சொன்னால் திட்டம் நிற்குமா? கூடலூரில் டாக்டர்கள் வருவதற்கு முன்பே சங்கம் இருந்தது. பணியாளரைத் தேர்ந்தெடுக்கவும் பிரீமியம் வசூலிக்கவும் பள்ளி கேட்கவும் அதற்கு வாய் இருந்தது. மருத்துவத்தைத் தாண்டிப் போனது கூடலூர் மட்டுமல்ல. மகாராஷ்டிரத்தின் ஜாம்கெட்டில் 1970இல் வேலையைத் தொடங்கிய ஆரோளே தம்பதியிடம் வறட்சியில் வாடிய மக்கள் முதலில் கேட்டது தண்ணீரும் சோறும். தர்மபுரியின் சிட்டிலிங்கியில் 1993இல் குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கிய ரெஜி, லலிதா தம்பதி இயற்கை விவசாயத்துக்கும் லம்பாடிப் பெண்களின் தையல் வேலைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மூன்று இடத்திலும் டாக்டர்கள் மருந்துப் பெட்டியோடு மட்டும் நிற்க முடியவில்லை.

1988இல் ஊர்வலம் போனவர்கள் கேட்ட நிலம் என்ன ஆயிற்று? வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. தமிழ்நாட்டில் 2008 முதல் பட்டா வழங்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றிருந்து, 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. ஜென்மச் சட்டத்தில் தோட்டக் குத்தகைகளைப் பற்றிய 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களின் சிக்கல் 1969இலிருந்து நீள்கிறது, இன்னும் தீரவில்லை.