விமானம் ஏறும் அனுபவம்

கானாவின் தலைநகர் அக்ராவில் உள்ள மண்டல அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மட்டும், 2023-ஆம் ஆண்டு வாக்கில், ஆறே மாதத்தில் 20 செவிலியர்கள் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். கானாவிலேயே கேப் கோஸ்ட் நகர மருத்துவமனை ஓராண்டில் 22 பேரை இழந்தது. தீவிர சிகிச்சைக்குப் புதிதாக ஆள் சேர்க்க முடியாமல், உயிருக்குப் போராடுகிறவர்களை அவசரப் பிரிவிலேயே நெடுநேரம் வைத்திருக்க வேண்டியதாயிற்று. அதே காலத்தில், அதே நாட்டில், படித்து முடித்துப் பதிவும் செய்துகொண்ட ஆயிரக்கணக்கான இளம் செவிலியர்கள் பணி ஆணைக்காக வீட்டில் காத்திருந்தார்கள். அங்கே அரசுப் பணியில் ஒருவரை அமர்த்த நிதி அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். 2022 டிசம்பரில் பணவீக்கம் 54 சதவீதத்தைத் தொட்டு, மறு ஆண்டே சர்வதேச நாணய நிதியத்திடம் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் பெற்ற அரசு, அந்த அனுமதியை எளிதில் தரவில்லை. ஒருபுறம் வார்டில் ஆளில்லை, மறுபுறம் ஆளுக்கு வேலையில்லை. இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்ளாமல் செவிலியர் வெளியேற்றத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

தலைகளை எண்ணினால் இதற்கு விடை கிடைக்காது. வெளிநாட்டு வேலைக்கான விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு ஆண்டு அனுபவம், ஐ.சி.யூ. அல்லது அறுவை அரங்கில் வேலை செய்தவர்களுக்கு முன்னுரிமை. ஆகவே முதலில் கிளம்புகிறவர் வார்டைத் தாங்கி நிற்பவர். நள்ளிரவில் பிரசவமான ஒரு பெண்ணுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள செவிலியர் அடிவயிற்றில் கை வைத்ததுமே கருப்பை சுருங்காமல் தொளதொளவென்று கிடப்பதை உணர்ந்துவிடுவார். ஒரு கையால் அதைத் தேய்த்துக்கொண்டே ஆக்ஸிடோசின் போடச் சொல்லி, ரத்த வங்கிக்கு ஆளனுப்பி, டாக்டரை எழுப்பச் சொல்வார். பாடப் புத்தகத்தில் இதெல்லாம் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் கசிவு சாதாரணம், எது ஆபத்து என்பது நூறு பிரசவங்களை ஒரு சீனியருக்குப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகே பிடிபடும். அந்த சீனியர் போய்விட்டால் ஒரு ஊழியர் குறைவதோடு நிற்பதில்லை. அவரிடம் கற்றிருக்கக்கூடிய பத்துப் பேரின் பயிற்சியும் அவரோடு போய்விடுகிறது. கேப் கோஸ்ட் மருத்துவமனையின் செவிலியர் துறைப் பொறுப்பாளர்கள் சொன்னதும் இதைத்தான்: அரசு புதிதாக ஆள் எடுத்துக் கொடுத்தாலும், பயிற்சியை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த வாதத்தை மறுக்கும் வலுவான சான்று பிலிப்பைன்ஸிலிருந்து வருகிறது. அமெரிக்கா 2000-க்குப் பிறகு செவிலியர் விசாக்களைக் கூட்டியபோது என்ன நடந்தது என்று அபார்கார், தியோஹரிடிஸ் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். வெளிநாடு சென்ற ஒவ்வொரு செவிலியருக்கும் ஈடாகப் புதிதாக ஒன்பது பேர் உரிமம் பெற்றிருந்தார்கள். வெளிநாட்டு வாய்ப்பு இருப்பதாலேயே படிக்க வருகிறார்கள், ஆகவே நாட்டுக்கு நட்டமில்லை என்பது இதிலிருந்து எடுக்கப்படும் முடிவு. கணக்கை நான் ஏற்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. உரிமம் பெற்றவர் எல்லோரும் உள்நாட்டு வார்டுக்கு வந்துவிடுவதில்லை. சம்பளம் கட்டுப்படியாகாமல் வேறு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே ஏராளம். செவிலியர்களை வெளிநாடு அனுப்புவதைப் பல பத்தாண்டுகளாக ஊக்குவித்த அந்த அரசே, 2020-இல் கொரோனா வந்ததும் அவர்கள் வெளியேறத் தடை போட்டது. பிறகு ஆண்டுக்கு 5,000 பேர் என்று வரம்பு கட்டி, படிப்படியாகத் தளர்த்தியது. ஒன்பது மடங்கு உரிமங்கள் கையில் இருந்தும், நெருக்கடி நேரத்தில் வார்டில் ஆள் போதவில்லை.

அப்படியானால் தடுத்துவிடலாமே என்ற யோசனை வரும். ஜிம்பாப்வே அரசு வெளிநாடு போக விரும்பிய செவிலியர்களுக்குத் தகுதிச் சான்று தராமல் இழுத்தடித்தது. அங்கிருந்து ஆள் எடுப்பதையே குற்றமாக்கப்போவதாகத் துணை அதிபர் 2023-இல் பேசினார். இது அநியாயம். மாதச் சம்பளம் விலைவாசியில் கரைந்துபோன ஒரு பெண், தன் தம்பி தங்கையைப் படிக்க வைக்கக் கடல் கடக்கிறார் என்றால் அவரைக் குற்றவாளியாக்க எந்த அரசுக்கும் தகுதி கிடையாது. அவர் அனுப்பும் பணத்தால் ஒரு குடும்பம் தலையெடுக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பணம் வீட்டுக்கு வருகிறது; வார்டுக்கு வருவதில்லை.

வார்டுக்கு ஈடுகட்ட வேண்டிய கடமை ஆளை எடுத்துக்கொள்கிறவர்களுடையது. சுகாதார ஊழியர்களை வெளிநாடுகளிலிருந்து சேர்ப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2010-இல் ஒரு நெறிமுறையை ஏற்றது. அதன்படி 2023-இல் வெளியான பட்டியலில் பற்றாக்குறை மிகுந்த 55 நாடுகள் உள்ளன. அங்கே போய் ஆள் திரட்டக் கூடாது. கானாவும் அதில் உண்டு. ஆனால் தாமாக விண்ணப்பிப்பவர்களைச் சேர்க்கத் தடையில்லை என்பதால், 2022-இல் மட்டும் 1,200-க்கு மேற்பட்ட கானா செவிலியர்கள் பிரிட்டன் பதிவேட்டில் சேர்ந்தார்கள். பிரிட்டனோ கானா, நைஜீரியா, கென்யா மூன்றுக்கும் சேர்த்துக் கொடுத்தது 1.5 கோடி பவுண்ட். எடுத்ததற்கு முன்னால் இது சொற்பம். பணம் உரிய இடத்தில் சேர்ந்தால் பலன் உண்டு என்பதற்கு மலாவி சாட்சி. நன்கொடை நாடுகளின் உதவியோடு 2004-இல் தொடங்கிய அவசரத் திட்டத்தில் அங்கே சுகாதார ஊழியர்களின் சம்பளத்துக்கு மேல் 52 சதவீதம் கூட்டிக் கொடுத்தார்கள், பயிற்சி இடங்களையும் பெருக்கினார்கள். ஊழியர் எண்ணிக்கை உயர்ந்தது, வெளியேற்றம் தணிந்தது. அதே ஆண்டுகளில் பிரிட்டன் கதவை இறுக்கியதும் ஒரு காரணம்தான். ஆனாலும் சம்பளம் உயர்ந்தால் மனிதர்கள் தங்குவார்கள் என்பதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. நம் செவிலியர்களை அழைத்துப் போக அந்த நெறிமுறையில் எந்த நாட்டுக்கும் தடையில்லை. தமிழ்நாடு அரசே அவர்களை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு நிறுவனம் நடத்துகிறது. அதே அரசின் மருத்துவமனைகளில், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வந்த செவிலியர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் இருந்துகொண்டு பணி நிரந்தரம் கேட்டுப் போராடியிருக்கிறார்கள். வெளிநாட்டு வாய்ப்பைத் தேடித் தரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன், ஐந்து ஆண்டு வார்டில் நின்று கற்றுக்கொண்ட செவிலியருக்கு நிரந்தரப் பணியும் முறையான ஊதியமும் கொடுங்கள்.