அயலார் தொல்லையும் ஆங்கிலச் சட்டமும்

கொலையும் களவும் குற்றமென்பது எந்நாட்டார்க்கும் ஒப்ப முடிந்தது. ஆனால், நள்ளிரவிற் கூச்சலிடுதல், வழிச்செல்வோரை ஏளனஞ் செய்தல், அயல்வீட்டு யன்னலுக்குக் கல்லெறிதல் முதலியவற்றை யாது செய்வது? தனித்தனியே நோக்கின் இவை அற்பமானவை. ஒருவர் வாயிலில் நாள்தோறும் நிகழுமாயின், அவர் நிம்மதியாக உறங்குதலும் அரிதாகும். இத்தகைய சமூக விரோத நடத்தையை அடக்க இங்கிலாந்தும் வேல்சும் கைக்கொண்ட முறை ஈண்டு ஆராயத்தக்கது.

ரொனி பிளேயரின் தொழிற்கட்சி அரசாங்கம் 1998 இல் இயற்றிய சட்டத்தின்படி, 1999 ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து, பொலிசாரோ உள்ளூராட்சி மன்றமோ நீதவானிடம் விண்ணப்பித்துப் பத்து வயது நிரம்பிய எவர்மீதும் தடைக்கட்டளை பெறலாயினர். குறித்த தெருவிற் புகலாகாது, இன்னாருடன் கூடித் திரியலாகாது என்றவாறு அக்கட்டளை அமையும்; இரண்டாண்டுக்குக் குறையாது நிலைக்கும்.

இதில் ஒரு நுட்பமுண்டு. தொல்லை தருவோர்க்கு அஞ்சிச் சாட்சி கூற வாராத அயலார் பலராதலின், கட்டளை பெறுதல் குடியியல் நடவடிக்கையாக வைக்கப்பட்டது. பிறர் சொல்லக் கேட்டதும் சான்றாகக் கொள்ளப்பட்டது. கட்டளையை மீறுதலோ குற்றவியலின் பாற்பட்டது. ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம். எனவே, இயல்பாகச் சிறைக்குரியதல்லாத செயலும், கட்டளை தடுத்த காரணத்தாற் சிறைக்கு வழியாயிற்று. 2002 இல் இதனை ஆராய்ந்த பிரபுக்கள் சபை, நடவடிக்கை குடியியலேயாயினும், குற்ற வழக்கிற் போன்று ஐயமற நிறுவுதல் வேண்டுமெனத் தீர்த்தது.

பயன் யாது? 2013 இறுதிவரை பிறந்த கட்டளைகள் 24,427. அவற்றுள் நூற்றுக்கு 58 ஒரு முறையேனும் மீறப்பட்டன. இது வியப்பன்று, விலக்குவதன்றி ஏவுவதற்கு அக்கட்டளையில் இடமில்லை. குடிகாரனை மதுச்சாலைக்குச் செல்லாதே எனலாம். குடியை மறக்க வைத்தியரை நாடு எனல் இயலாது.

இலக்கங்களிலும் கொடியது 2007 இல் லெஸ்ரர்ஷயரில் நிகழ்ந்தது. அயற் சிறுவரின் நெடுநாட் தொல்லையாற் சோர்ந்த தாயொருத்தி, வளர்ச்சி குன்றிய தன் மகளுடன், தானே மூட்டிய தீயில் மாண்டாள். பத்தாண்டுகளில் 33 முறை பொலிசாரை அழைத்திருந்தாள். தடைக்கட்டளைச் சட்டம் வந்து அப்பொழுது எட்டாண்டு கழிந்திருந்தது. ஒவ்வோர் அழைப்பும் தனியொரு சிறு சம்பவமாகக் கொள்ளப்பட்டதேயன்றி, அனைத்தையும் ஒருங்குவைத்து நோக்குவார் இலர். பொலிசாரும் உள்ளூராட்சி மன்றமும் கடமை தவறியமை 2009 இல் மரண விசாரணையில் வெளிப்பட்டது.

2014 இற் பிறந்த சட்டம் பழைய கட்டளையை ஒழித்தது. அதற்கீடாக வந்த குடியியற் தடையாணை, விலக்குவதோடு ஏவவும் வல்லது. அதனை மீறுதல் நீதிமன்ற அவமதிப்பேயன்றித் தனிக் குற்றமன்று. எனினும், யான் பெரிதாக மதிப்பது அச்சட்டத்தின் பிறிதொரு பிரிவை. முறையிட்டும் பயன் காணாதவர், உள்ளூரில் வகுத்த அளவை முறைப்பாடுகள் எட்டியதும் (பொதுவாக ஆறு மாதத்துள் மூன்று), தம் விடயத்தை மீளாய்வு செய்யுமாறு கோரலாம். பொலிசார், மன்றத்தார், சுகாதாரப் பகுதியார் ஆகியோர் ஒருங்கு கூடி ஆராய்ந்து, முடிவை அவருக்கு அறிவித்தல் கடமையாகும். லெஸ்ரர்ஷயர்த் தாய்க்கு இல்லாதிருந்தது இவ்வுரிமையே. இஃது உண்டென்பதை அறியாதார் அந்நாட்டிற் பலராயிருத்தல் இதன் பெருங்குறை.