பின்சக்கரமா, நான்கு சக்கரமுமா?

காஞ்சி என்றதும் கோயிலும் பட்டும்தான் வெளியூராருக்கு நினைவு வரும். இம்மாவட்டத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு என்பதை நம் மாணவர்களிலேயே பலர் அறியார். பூந்தமல்லி செல்லும் பேருந்தில் ஏறித் திருப்பெரும்புதூரைக் கடந்து இருங்காட்டுக்கோட்டையில் இறங்கினால், தொழிற்பேட்டைக்கு அருகே மோட்டார் பந்தயத் திடல் ஒன்று இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த இத்திடலில் 1990 முதல் பந்தயங்கள் நடந்து வருகின்றன. அதற்கு முன்பு சோழவரத்தில், போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளத்தில்தான் பந்தயம். இருங்காட்டுக்கோட்டைத் திடலின் சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், வளைவுகள் 12. இப்போது இதற்கு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர்.

நம் கல்லூரி மாணவர் ஒருவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளை, விடுமுறை நாள்களில் வேலை செய்து கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறார். அத்திடலில் பந்தயக் கார் ஓட்டும் பயிற்சியில் சேர வேண்டுமென்பது அவர் ஆசை. "சார், பயிற்சிக் காரில் பின்சக்கரம் மட்டும்தான் இயங்குமாம். இந்தக் காலத்து வேகமான கார்களெல்லாம் நான்கு சக்கரமும் இயங்குபவை. பழைய வித்தையைக் கற்றுப் பணத்தை வீணாக்காதே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரிதானா?" என்று என்னிடம் கேட்டார். இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் அவருக்கு நான் சொன்ன விடையையே இங்குச் சற்று விரித்து எழுதுகிறேன்.

எஞ்சினின் ஆற்றல் எந்தச் சக்கரங்களுக்குச் செல்கிறது என்பதை வைத்துக் கார்களைப் பிரிக்கலாம். நம் தந்தையர் கண்ட அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் அது பின்சக்கரங்களுக்குச் சென்றது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இல் முன்சக்கரங்களுக்குச் சென்றது. இன்று நம் தெருக்களில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவை அவ்வழியைச் சேர்ந்தவையே. நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றலைப் பகிர்ந்தளிப்பது மூன்றாம் வகை.

சக்கரம் தரையைப் பற்றுவதற்குப் பெயர் பிடிமானம். அதை ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் போல எண்ணிக் கொள்ளலாம். வளைவில் திரும்புவதற்கு ஒரு செலவு, வேகம் கூட்ட ஒரு செலவு, பிரேக் பிடிக்க ஒரு செலவு. எல்லாவற்றுக்கும் சம்பளம் ஒன்றுதான். வளைவிலேயே முழுச் சம்பளத்தையும் செலவழித்துவிட்ட சக்கரத்திடம் போய், வேகமும் கூட்டு என்றால் அது வழுக்கிவிடும். பந்தயக் கலை முழுவதும் இந்த வரவு செலவுக் கணக்குத்தான்.

இனி எடையைப் பார்ப்போம். 1000 கிலோ எடையுள்ள கார் ஒன்று நிற்கும்போது முன்னால் 500, பின்னால் 500 கிலோவாக எடை அமைந்திருக்கிறது என்று கொள்வோம். முன், பின் அச்சுகளுக்கிடையே 2.5 மீட்டர், காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு முடுக்கத்தோடு கார் பாய்ந்தால் 100 கிலோ எடை பின்னால் சாய்கிறது. பின்னால் 600, முன்னால் 400 என்றாகிவிடுகிறது. பேருந்து சட்டென்று புறப்படும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்வதும் இதனால்தான். ஆகவே பாயும் காரில் எடை தங்கும் இடம் பின்சக்கரம். அங்கே ஆற்றலைக் கொடுத்தால் அது பயன்படும். முன்சக்கர இயக்கத்திலோ, எடை விலகிச் செல்லும் சக்கரத்திடமே இழு என்று கேட்கிறோம். போதாததற்குக் காரைத் திருப்பும் வேலையும் அதன் தலையிலேதான்.

உராய்வுக் கெழு 1 என்று வைத்துக் கணக்கிட்டால், மேற்சொன்ன காரில் முன்சக்கர இயக்கம் தரக்கூடிய உச்ச முடுக்கம் புவியீர்ப்பின் 0.42 மடங்கு, பின்சக்கர இயக்கம் தருவது 0.62 மடங்கு, நாற்சக்கர இயக்கம் தருவது முழுமையாக 1 மடங்கு. மழையில் உராய்வுக் கெழு பாதியாகிறது என்றால், இவை முறையே 0.23, 0.28, 0.5 என்றாகும். மாணவர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம். பதினொன்றாம் வகுப்புக் கணிதம் போதும். இதைக் கண்டதும் நண்பர்கள் சொன்னது சரிதானே என்று தோன்றும்.

அங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. பிடிமானம் இடம் கொடுத்தாலும் எஞ்சினிடம் சரக்கு இருக்க வேண்டுமே! 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அந்தக் காரின் பின்சக்கரம் வழுக்கும் எல்லையைத் தொட வேண்டுமானால் ஏறத்தாழ 165 குதிரைத்திறன் தேவை. 100 குதிரைத்திறன் உள்ள எஞ்சின் அந்த வேகத்தில் தருவது 0.38 மடங்குதான். காய்ந்த தரையில், நேர்ப்பாதையில் பின்சக்கரங்களின் பிடிமானமே அதற்கு மிச்சம். முன்னால் இன்னும் இரண்டு சக்கரங்களை இயக்கி ஆவதென்ன? ஆற்றலைக் கடத்தும் தண்டுகளும் பல்சக்கரங்களும் எடையைத்தான் கூட்டும். எடை கூடினால் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், டயர் தேயும், செலவு ஏறும். 400, 500 குதிரைத்திறன் கொண்ட காருக்குத்தான் நான்கு சக்கர இயக்கம் உண்மையில் கைகொடுக்கிறது. அல்லது மழைக்கும் மண்ணுக்கும்.

இந்தக் கணக்கை நம் தமிழ்நாட்டிலேயே ஒருவர் செயலில் காட்டியிருக்கிறார். கோவை எஸ். கரிவர்தன் 1980களின் இறுதியில் ஃபார்முலா மாருதி என்ற சிறிய பந்தயக் காரை உருவாக்கினார். வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்வது செல்வந்தருக்கே இயலாத செலவாக இருந்த காலம் அது. கிடைத்ததோ மாருதி 800இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். அது முன்சக்கரத்துக்காகச் செய்யப்பட்டது. அதில் எஞ்சினும் கியர்பெட்டியும் சக்கரத் தண்டுகளும் ஒரே தொகுதியாக இருந்தன. அத்தொகுதியை அப்படியே ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டால், முன்சக்கரத்தை இழுத்த அதே தண்டுகள் பின்சக்கரத்தைத் தள்ளும்! எவ்வளவு எளிய உபாயம்! எஞ்சினின் எடையும் பின்சக்கரத்தின் மேல் வந்துவிடுகிறது. முன்சக்கரங்களுக்குத் திருப்பும் வேலை மட்டும் மிஞ்சுகிறது. உள்ளூர் மெக்கானிக்கே பழுது பார்க்கலாம். ஓர் இளைஞர் தலைமுறை இத்தகைய கார்களில்தான் பந்தயம் பழகியது. கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துப் பந்தயத் திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே கோவையிலிருந்து புறப்பட்ட நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். சென்னையின் கருண் சந்தோக் 2010இல் அடுத்தவரானார். இருவரும் ஓட்டிய ஃபார்முலா ஒன் கார்களும் பின்சக்கர இயக்கம் கொண்டவையே.

நான்கு சக்கரத்தையும் இயக்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேர் வீதி முனையில் திரும்புவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உட்பக்கச் சக்கரம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க, வெளிப்பக்கச் சக்கரம் நெடுந்தூரம் உருள்கிறது. காரிலும் அப்படித்தான். வளைவில் நான்கு சக்கரங்களும் நான்கு வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. இடமும் வலமும் வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். நாற்சக்கர இயக்கத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவிலும் இப்படி ஒன்று வேண்டும். மாருதி ஜிப்சியில் அது இல்லை. ஆகவே அதன் நாற்சக்கர இயக்கத்தை மண்ணிலும் சேற்றிலும் மட்டுமே போட வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் போட்டு வளைத்தால் சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

தேரைப் பற்றி இன்னொன்று. அதைப் பின்னாலிருந்து நெம்பித் தள்ளுபவர்கள் வேறு. முட்டுக்கட்டை போட்டுத் திசை திருப்புபவர்கள் வேறு. தள்ளும் வேலையும் திருப்பும் வேலையும் பிரிந்திருப்பதால்தான் அத்தனை பெரிய தேர் சொன்னபடி கேட்கிறது. பின்சக்கர இயக்கத்தின் நயமும் இதுவே.

உலக அரங்கிலும் இந்த வழக்கு பலமுறை விசாரிக்கப்பட்டிருக்கிறது. 1961இல் இங்கிலாந்தின் ஓல்டன் பார்க் திடலில், ஈரமான தரையில், ஃபெர்குசன் பி99 என்ற நாற்சக்கர இயக்கக் காரை ஓட்டி ஸ்டிர்லிங் மாஸ் வென்றார். 1969இல் லோட்டஸ், மாத்ரா, மெக்லாரன் நிறுவனங்கள் அவ்வகைக் கார்களை ஃபார்முலா ஒன் களத்தில் இறக்கின. எடை கூடியது, திருப்புவது கடினமாயிற்று. அதே காலத்தில் அகன்ற டயர்களும், காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளும் வந்து, பின்சக்கரத்துக்கே வேண்டிய பிடிமானத்தைக் கொடுத்துவிட்டன. அம்முயற்சி ஓராண்டிலேயே ஓய்ந்தது. 1983 முதல் ஃபார்முலா ஒன் விதிகள் நாற்சக்கர இயக்கத்துக்கு இடம் தரவில்லை.

மண்ணிலும் பனியிலும் ஓடும் ராலி பந்தயத்தில் கதை வேறு. 1980இல் வெளிவந்த ஆடி குவாட்ரோ அங்கே எல்லோரையும் பின்தள்ளியது. 1983இல் மிக்கோலாவும் 1984இல் பிளோம்க்விஸ்ட்டும் அக்காரில் உலகச் சாம்பியன்கள் ஆயினர். தார்த் திடலிலும் அந்நிறுவனம் விடவில்லை. 1996இல் ஃபிராங்க் பீலா ஆடி ஏ4 குவாட்ரோவில் பிரிட்டனின் டூரிங் கார் சாம்பியன் ஆனார். போட்டியைச் சமப்படுத்த அக்காரின் மேல் கூடுதல் எடை ஏற்றினர். 1998 முதல் நாற்சக்கர இயக்கத்தையே அப்போட்டியிலிருந்து விலக்கினர். ஆகவே இவ்வகைக் கார் திடலுக்கு உதவாது என்று நான் சொல்லவில்லை. உதவுவதால்தான் சில இடங்களில் விதி போட்டுத் தடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயம். நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், இயல்பாகப் பின்சக்கரத்தில் ஓடி, பின்சக்கரம் வழுக்கத் தொடங்கியதும் ஆற்றலின் ஒரு பங்கைத் தானே முன்சக்கரத்துக்கு அனுப்பும் கார். 1991இல் அது வென்றது. 1992லும் வென்றது, ஆனால் எப்படி? பெருமழையில் முன்னணியில் சென்ற அக்காரே வழுக்கி மோதிச் சிதைந்தது. பந்தயம் நிறுத்தப்பட்டது. முந்தைய சுற்றின் நிலையைக் கொண்டு அதற்கே வெற்றி அறிவித்தார்கள். நான்கு சக்கரமும் இயங்கிய கார் ஏன் வழுக்கியது? பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்துக்கும் உண்டு. வளைவில் பக்கவாட்டாகப் பற்றும் பிடிமானமும் டயரைப் பொறுத்ததே. இயக்கும் சக்கரங்களின் எண்ணிக்கை கூடினால் வேகம் கூட்டும் ஆற்றல்தான் கூடும்; நிற்கும் ஆற்றல் கூடாது. மழை நாளில் எளிதாக வேகம் பிடிக்கும் கார், தரையின் ஈரத்தை ஓட்டுநரிடமிருந்து மறைத்துவிடுகிறது. அடுத்த வளைவை அவர் கூடுதல் வேகத்தோடு சென்றடைகிறார். ஆபத்து அங்கே காத்திருக்கிறது. இது திடலுக்கு மட்டுமன்று, நம் பெங்களூர் நெடுஞ்சாலைக்கும் பொருந்தும்.

கற்பவருக்குப் பின்சக்கர இயக்கம் நல்லது என்று நான் கருதுவதற்குக் காரணமும் இதுவே. அதில் ஆக்சிலரேட்டரை அளவுக்கு மீறி மிதித்தால் பின்பக்கம் வெளியே நழுவும். ஓவர்ஸ்டியர் என்பார்கள். ஓட்டுநர் அதைத் தம் இருக்கையிலேயே உணர்வார். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, காலை மெல்லத் தளர்த்திச் சரி செய்யலாம். குறைந்த திறன் கொண்ட இலேசான காரில் இது மெதுவாக நடக்கும், திருத்திக்கொள்ள நேரமிருக்கும். நாற்சக்கர இயக்கக் கார்களில் பலவும் முன்பக்கமாக, வளைவுக்கு வெளியே நேராக வழுக்கும் இயல்புள்ளவை. இதற்கு அண்டர்ஸ்டியர் என்று பெயர். ஸ்டியரிங்கை மேலும் மேலும் திருப்பிக்கொண்டே இருப்போம், கார் கேளாது. காலின் அளவையும் காரின் எடை முன்னும் பின்னும் சாய்வதையும் சிறு பின்சக்கரக் காரில் கற்றவர் பிறகு எந்தக் காரிலும் அமரலாம். நடிகர் அஜித் குமார் ஃபார்முலா கார்களில் ஓட்டிப் பழகியவர். அவருடைய அணி 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அந்தப் போர்ஷே 911 பந்தயக் காரில் எஞ்சினும் பின்னால், இயக்கமும் பின்சக்கரத்தில்.

எனவே, பணத்தைப் பயிற்சியிலேயே போடும்படி அம்மாணவருக்குச் சொன்னேன். வீட்டில் என்ன சொல்வார்களோ என்பது தனி வழக்கு. அதில் இயற்பியல் தலையிட முடியாது.

இதைப் படித்துவிட்டு இருங்காட்டுக்கோட்டைக்குச் செல்பவர்கள் நேர்ப்பாதையின் ஓரத்தில் நிற்க வேண்டாம். அங்கே இரைச்சல்தான் மிஞ்சும். ஒரு வளைவின் முடிவில், கார் மீண்டும் வேகமெடுக்கும் இடம் தெரியும்படி நில்லுங்கள். முன்சக்கர இயக்கம் கொண்ட டூரிங் கார்கள் வளைவை விட்டு வெளிவரும்போது அவற்றின் மூக்கு வெளிப்பக்கம் ஒதுங்குவதைக் காணலாம். அடுத்து ஃபார்முலா கார்கள் வரும்போது ஓட்டுநரின் கைகளைப் பாருங்கள்: இடப்பக்க வளைவில் அவை ஒரு நொடி வலப்பக்கம் திரும்பி மீளும். ஐப்பசி மழைக்குப் பிறகு தரை அங்கங்கே காய்ந்தும் காயாமலும் இருக்கும் நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. குடையை மறக்க வேண்டாம்.