கரையில் நிற்பவர் யார்?

ஐப்பசி மாதத்து அடைமழை. இரவு ஷிப்டு முடிந்து ஒரகடம் சாலையிலே கம்பெனி பஸ் போகிறது. உள்ளே இருப்பவர்களின் கண்ணிலே தூக்கம். வெளியே பார்த்தால் இருட்டு. சற்றுக் கூர்ந்து பார்த்தால், தூரத்திலே ஒரு சிறு வெளிச்சம் மெல்ல நகர்வது தெரியும். மின்மினி என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! கோணிப்பையைத் தலையிலே கவிழ்த்துக்கொண்டு, ஒரு கையிலே டார்ச்சு விளக்கும் மறு கையிலே மண்வெட்டியுமாக ஏரிக்கரை மீது நடந்துகொண்டிருக்கும் மனிதர் அவர்.

பஸ்ஸிலே போகிறவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். அவர் தூங்க, இவர் விழித்திருக்கிறார். அப்படிப்பட்டவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சர்க்கார் ஏட்டிலே அவருக்கு லஸ்கர் என்று பெயர். பாசன உதவியாளர் என்றும் எழுதுவார்கள். ஊரிலே நீர்க்கட்டி என்பார்கள், கம்புகட்டி என்பார்கள். பெயர் எதுவானால் என்ன? மழைக்காலம் வந்துவிட்டால் ஊரின் உயிருக்குக் காவல் அவரே.

காவல் என்றால் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்பதல்ல. ஏரி நிரம்பியதும் கரையின் பின்புறத்து அடிவாரத்திலே நடந்து பார்க்க வேண்டும். எலி வளையும் நண்டு வளையும் கரையைத் துளைத்திருக்கும். அங்கே தண்ணீர் கசியும். கசிவது தெளிந்த நீரா, கலங்கிய நீரா? தெளிந்த நீரானால் கண்வைத்திருந்தால் போதும். கலங்கிய நீரானால், கரையின் மண் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அப்புறம் மணிக்கணக்கு இல்லை, நிமிஷக் கணக்குத்தான். விவரம் அறியாதவன் ஓடிப்போய் அந்த ஊற்றை அடைப்பான். தண்ணீர் வேறோர் இடத்திலே பீறிடும். விவரம் அறிந்தவர் ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்குவார். வளையத்துக்குள் உயர்ந்து நிற்கும் தண்ணீரின் பாரமே எதிர்த்து அழுத்தும். மண் வெளியேறுவது நிற்கும். இந்த வித்தையைக் கரையும் அப்பனும் பாட்டனுந்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

கலங்கலையும் அவரே பார்க்க வேண்டும். மிகுந்த நீர் வழிந்தோடும் வாயல்லவா அது! ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொள்ளும். முறிந்த மரக்கிளை குறுக்கே விழும். மீனுக்குக் கட்டிய வலை தடுக்கும். வாய் அடைத்தால் வயிறு வெடிக்கும். மேலே பயிர் மூழ்குகிறவர், "திறந்து விடு" என்பார். கீழே வீடு கட்டியிருப்பவர், "திறக்காதே" என்பார். மதகைத் திறக்க உத்தரவு போடுகிறவர் என்ஜினீயர். ஏச்சும் பேச்சும் வாங்குகிறவர் கரையில் நிற்பவர்.

"ஓர் ஏரி உடைந்தால் ஓர் ஊருக்குத்தானே தொல்லை?" என்று கேட்கலாம். நம் பக்கத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல, சங்கிலிக் கண்ணிகள். மேலேரி வழிந்து கீழேரிக்கு வரும். மேலேரி உடைந்தால், அந்த வெள்ளம் முழுவதும் ஒரே மூச்சில் கீழேரியின் கரையை மோதும். காஞ்சிபுரம், செங்கற்பட்டு ஆகிய இரு மாவட்டங்களிலும் நீர்வளத் துறையின் பொறுப்பிலே உள்ள ஏரிகள் மட்டும் 909. சிறிய ஏரிகளும் குளங்களும் ஊராட்சிகளிடம். திருப்பெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் வழிந்தால் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். செம்பரம்பாக்கம் 24 அடி ஆழத்திலே 364 கோடியே 50 லட்சம் கன அடி நீரைத் தேக்கும். அங்கே திறந்தால் அடையாறு பெருகும். மணிமங்கலம், படப்பை, ஆதனூர்ப் பக்கத்து ஏரி நீரும் அதே அடையாற்றுக்குத்தான்.

2015 டிசம்பரை மறக்க முடியுமா? செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரையிலே குடியிருந்தவர்கள் இரவோடிரவாக எல்லாவற்றையும் இழந்தார்கள். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது. அந்த நாட்களிலே ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கார் ஆலைகள் நின்றன. கோடி கோடியாய்க் கொட்டி நிறுவிய இயந்திரங்கள் ஓடுவதும் ஓடாததும் ஏரிக்கரையைப் பொறுத்தே இருக்கிறது என்ற பாடத்தை வெள்ளம் வந்து நடத்திக் காட்டிற்று. பாடம் நடந்தது; படித்தவர் எத்தனை பேர்?

நம் முன்னோர் படித்திருந்தார்கள். இதே காஞ்சி மாவட்டத்து உத்தரமேரூருக்குப் போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்திலே, 919இலும் 921இலும் பொறித்த கல்வெட்டு நிற்கிறது. குடவோலை முறையை அங்கே காணலாம் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். குடத்திலே ஓலை போட்டு எதற்கு ஆள் தேர்ந்தார்கள்? வாரியங்களுக்கு. அவற்றிலே ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர் கொண்டது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே ஏரிக்குத் தனிப் பொறுப்பாளர் வைத்த ஊர் நம்முடையது. அந்த ஓலையிலே எல்லோருடைய பெயரும் ஏறவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். நிலமும் கல்வியும் உடையோர் பெயரே ஏறிற்று. தீர்மானித்தவர் ஒருவர், சேற்றிலே இறங்கியவர் வேறொருவர்.

வெள்ளைக்காரன் வந்தான். 1858இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டான். வெள்ளத்தால் கரைக்கு ஆபத்து வந்தால், உடலுழைப்பு வகுப்பாரை வேலைக்கு அழைக்கலாம். வர மறுத்தால் தண்டனை! கரை உடைந்தால் கெடுவது எல்லோர் உடைமையும். கரையைக் காக்க வரவேண்டியது உழைப்பாளி மட்டுந்தானா?

அந்த நாள் போயிற்று. இன்று நிலைமை என்ன? நிரந்தர லஸ்கர் ஓய்வு பெறுகிறார். அவர் இடம் காலியாகிறது, காலியாகவே கிடக்கிறது. ஒருவர் பல ஏரிகளைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மழை வரப் போகிறதென்றால் மணல் மூட்டை வருகிறது, சவுக்குக் கட்டை வருகிறது, தற்காலிகமாக ஆளும் வருகிறார். மழை போனதும் மூட்டையோடு மூட்டையாக அவரும் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறார். ஆப்தமித்ரா என்று 2016இல் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் தொடங்கியது. பேரிடருக்கு உதவ 12 நாள் பயிற்சி கொடுத்துத் தொண்டர்களை உருவாக்கும் திட்டம். நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் தொண்டர், தொண்டர்தான். கரையோடு வாழ்ந்து கரையை அறிந்தவரின் இடத்தை 12 நாளிலே நிரப்ப முடியுமா?

இதற்கு இரண்டு மறுப்புகள் சொல்வார்கள்.

முதல் மறுப்பு: "கருவிகள் வந்துவிட்டன, நீர்மட்டத்தை நொடிக்கு நொடி சென்னையிலே உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஆள் எதற்கு?" கருவி வேண்டும்; வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நீர்மட்டம் காட்டும் கருவி, கரையின் பின்புறத்திலே கசியும் நீர் கலங்கியிருக்கிறதா என்று சொல்லாது. சொன்னாலும், மூட்டையைத் தூக்கி வைக்காது.

இரண்டாவது மறுப்பு: "மூன்று மாதம் மழை. பன்னிரண்டு மாதச் சம்பளம் எப்படிக் கொடுப்பது?" கேட்க நியாயம்போலவே இருக்கும். தீயணைப்பு நிலையத்திலே உள்ளவருக்குத் தீப்பிடித்த நாளுக்கு மட்டுமா சம்பளம் கொடுக்கிறார்கள்? மேலும், ஏரிக்கு ஓய்வு மாதம் என்று ஒன்று கிடையாது. தண்ணீர் வற்றிய பிறகுதான் எலி வளையை வெட்டி, மண்ணிட்டுக் கெட்டிக்க முடியும். கரையிலே வேர்விட்ட கருவேலத்தைக் கோடையிலேதான் களைய முடியும். மதகுத் திருகுக்கு மசகு போடாவிட்டால், மழை நாளிலே நான்கு பேர் தொங்கினாலும் அது அசையாது. வரத்துக் கால்வாயைக் கட்டடம் விழுங்குகிறதா என்று பார்ப்பதும் வெயில் காலத்து வேலைதான். ஒன்பது மாதம் செய்யாத வேலைதான் மூன்று மாதத்திலே வெள்ளமாக வருகிறது!

ஹாலந்து நாட்டைப் பாருங்கள். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலம் அங்கே ஏராளம். 1953இல் கரை உடைந்து 1,836 பேர் மாண்டார்கள். அங்கே கரைகளைப் பார்க்கவென்றே தேர்தல் நடத்தி அமைக்கும் நீர் வாரியங்கள் நூற்றாண்டுகளாக இருக்கின்றன. நிரந்தர ஊழியர்கள் ஆண்டு முழுவதும் கரையைப் பேணுகிறார்கள். வெள்ளம் ஏறும்போது, முன்பே பழகிய ஊர்த் தொண்டர்கள் முறைவைத்துக் கரை நடக்கிறார்கள். ஊழியர் மேல் தொண்டர். ஊழியருக்குப் பதில் தொண்டர் அல்ல. இங்கே நாம் கேட்பதும் அதுதான்.

தொழிற்சாலைத் தோழர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. காண்டிராக்டு என்றால் என்ன, "வேலை இருந்தால் கூப்பிடுகிறோம்" என்றால் என்ன என்று அனுபவித்தவர்கள் நீங்கள். 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, நாடே திரும்பிப் பார்த்தது. ஆயிரம் பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பார்க்கத்தான் செய்வார்கள். கரையிலே நிற்பவரோ ஒற்றை ஆள். அவர் உட்கார்ந்துவிட்டால் பார்ப்பதற்கு ஊரே இராது. ஆகவே அவருக்காகப் பேச வேண்டியவர்கள் நாம்.

என்ன பேசுவது? காலி இடங்களை நிரப்பு. மழைக்கு மட்டும் அழைக்கும் ஆளை ஆண்டு முழுமைக்கும் வை. மழைச்சட்டை, காலணி, நல்ல விளக்கு, கூப்பிட்டால் எடுக்கும் அதிகாரியின் தொலைபேசி எண் — இவற்றைக் கொடு. கரையிலே அவர் உயிர் போனால் குடும்பத்துக்கு என்ன என்பதை இன்றே எழுதிக் கொடு. ஆகஸ்டு 15, அக்டோபர் 2 கிராம சபைகளிலே இதைத் தீர்மானமாக்குங்கள்.

அதற்கு முன், ஒரு சிறு வேலை. புரட்டாசி பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் கிளையைச் சேர்ந்த பத்துப் பேர் பக்கத்து ஏரிக்குப் போங்கள். அவரைத் தேடிப் பிடித்து, "அண்ணே, உங்கள் பெயர் என்ன?" என்று கேளுங்கள். அவரோடு கரை நெடுகிலும் நடந்து வாருங்கள். எங்கே பலவீனம் என்று அவர் காட்டுவார், குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஐப்பசியிலே இரவு பஸ்ஸில் போகும்போது, தூரத்து வெளிச்சம் யாருடையது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்!